சேர் பொன்னம்பலம் அருணாசலமும் தொழிலாளர் தண்டனையும்

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்துக்கு அணை கட்டும் வேலை 1902ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அக்காலத்தில் மாத ஒப்பந்தத்தில் நின்ற ஒரு தொழிலாளி முன்னறிவித்தல் கொடாது வேலையை விட்டு நீங்கினாலோ, மேலாளை எதிர்த்துப் பேசினாலோ, வேலை நேரத்திற் குடித்திருந்தாலோ, அவனை நீதவான்முன் நிறுத்தி மூன்று மாதம்வரை மறியற்சாலைக்கு அனுப்பச் சட்டம் இடங்கொடுத்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அது. மாலையில் அணைமேற் காற்று வாங்கப் போகும் நம்மில் எத்தனை பேர் இதனை அறிவோம்? சென்ற ஆண்டுவரை நானும் அறியேன். அச்சட்டத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்களுள் முன்னின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் சரித்திரத்தின் இந்த ஒரு பகுதியையே இம்மலருக்கு எழுதத் துணிந்தேன்.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், கொழும்பு கொச்சிக்கடைச் சிவன் கோயிலைக் கட்டுவித்தவர். சேர் பொன். இராமநாதன் இவருக்குத் தமையனார். கேம்பிரிட்ஜிற் கற்று, போட்டிப் பரீட்சை மூலம் 1875இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் இவரே. அதே 1875இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம், ஒப்பந்தம் மீறிய தொழிலாளியைச் சிறையிடும் வழக்கத்தைத் தன் நாட்டில் நீக்கிவிட்டது. அங்கே ஒழிந்தது இங்கே மேலும் நாற்பத்தாறு ஆண்டு உயிரோடு இருந்தது!

பல ஊர்களில் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவருக்கு இது வெறும் ஏட்டறிவன்று. இத்தகைய வழக்குகள் வந்து நின்ற இடம் நீதிமன்றந்தானே.

1880களின் பிற்பகுதியில், ஆளுநர் சேர் ஆர்தர் கோர்டன் மூப்பில் உயர்ந்த பலரையும் தாண்டி இவரைப் பதிவாளர் நாயகமாக நியமித்தார். அந்தக் கந்தோர் அப்போது ஊழலுக்கும் ஒழுங்கீனத்துக்கும் பேர்போனது. காணி உறுதிப் பதிவுகளில் மோசடி மலிந்திருந்தது. ஏடுகளை ஒழுங்குபடுத்தி, தேடியது உடனே கிடைக்கும்படி அட்டவணை முறையை ஏற்படுத்தினார். களவு செய்பவனுக்கு ஒளிய இடமில்லாது போயிற்று. இவ்வளவோடு அவர் நிற்கவில்லை. எழுதுவினைஞர்கள் கடனில் மூழ்கியிருப்பதைக் கண்டு ஒரு சகாய நிதியைத் தொடக்கினார். கந்தோரிலேயே வாசிகசாலையும் வைத்தார். பிந்தி வந்தவனுக்கு முதலிற் பிரம்படி, பிறகு காரணம் என்ற முறையிலே மிஷன் பாடசாலையில் வளர்ந்த எனக்கு, இந்தப் பகுதியை வாசித்தபோது சிறிது வெட்கமாகவும் இருந்தது.

கந்தோரிற் குற்றஞ் செய்தவன் வேலையை இழப்பான். தோட்டத்தில் அதே குற்றஞ் செய்தவன் சுதந்திரத்தை இழந்தான். அவனுடைய கடனோ 'துண்டு' என்ற கடதாசியில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்கச் சம்மதிக்கும் துரையிடமே அவன் மாறிப் போகலாம். கங்காணியிடம் பட்ட கடனும் சட்டத்தின் பயமும் இரண்டு விலங்குகள். நமது 'துண்டு' என்ற சொல் அப்படியே ஆங்கிலத் தோட்டக் கணக்குகளிலும் ஏறிவிட்டது. இப்படியொரு பெருமை தமிழுக்கு வேண்டியதில்லை.

1913இல் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய அருணாசலம் ஓய்ந்திருக்கவில்லை. 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919 ஜூனில் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் தொடக்கினார். பின்னையதில் பெரி சுந்தரம் அவருக்குத் துணை நின்றார். வேலையை விட்டுப் போவது கொடுக்கல் வாங்கல் வழக்கேயன்றிக் குற்றமாகாது என்பது அவர்கள் நிலை. தோட்டத்துரைமார் சும்மா இருப்பார்களா? தண்டனைப் பயம் நீங்கினால் ஒழுக்கம் குலைந்து தோட்டங்கள் பாழாகுமென்று வாதாடினார்கள். 1921இல் துண்டு முறை ஒழிந்தது; 1922ஆம் ஆண்டளவில் சிறைத்தண்டனையும் ஒழிந்தது. தோட்டங்கள் பாழாகவில்லை. வெற்றி முழுவதும் அருணாசலத்துக்கே உரியதென்று சொல்ல மாட்டேன். இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் பெரிது. ஆனால் இலங்கையில் அச்சிறைக்குள் இருந்தவர்களுக்காக முதலில் உரக்கப் பேசிய பெரிய மனிதர்களுள் அவர் ஒருவர்.

அவர் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானதும், பின் மனம் கசந்து அதனை விட்டு விலகியதும் யாவரும் அறிந்தவை. இங்கே விரிக்கவில்லை.

1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலைநாட்டிலிருந்து வந்து கிளிநொச்சிப் பகுதியிற் குடியேறிய குடும்பங்கள் பல. இரணைமடு நீர் பாயும் வயல்களிலே கூலி வேலை செய்பவர்களும் அவர்களுள் உண்டு. துண்டைக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்களுடைய பாட்டன் பாட்டிமார்.

தலயாத்திரை சென்றிருந்த அருணாசலம், 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி மதுரையிலே சிவபதமடைந்தார். அந்தச் சிறைக் கதவு மூடி அப்போது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.