பாஸ்கரர் கேட்ட கணக்குகள்

பாஸ்கரர் தன் பிறந்த ஆண்டையும், நூலை எழுதி முடித்தபோது தனக்கிருந்த வயதையும் ஒரு செய்யுளுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிறந்தது சக ஆண்டு 1036. 'சித்தாந்த சிரோமணி'யை முடித்தபோது வயது 36. சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் நாம் இப்போது எழுதும் ஆண்டு வரும். அப்படியானால் பிறப்பு 1114, நூல் 1150. 7ஆம் நூற்றாண்டில் இதே பெயரில் இன்னொரு கணித அறிஞர் இருந்ததால் இவரை இரண்டாம் பாஸ்கரர் என்றும், மரியாதையோடு பாஸ்கராச்சாரியார் என்றும் சொல்கிறார்கள்.

நான் இவரைத் தேடிப் போனதற்குக் காரணம் ராத்தாவின் மகளுடைய கணிதக் கொப்பி. அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். சமன்பாட்டை நேரடியாகக் கொடுத்தால் கடகடவென்று செய்துவிடுவாள். அதையே வசனமாகக் கேட்டால் பேனையை வைத்துவிடுவாள். கொழும்பிலிருந்து ஒரு கோச்சி மணிக்கு இத்தனை கிலோமீற்றர் வேகத்தில் புறப்படுகிறது, எதிரே இன்னொன்று வருகிறது, எங்கே சந்திக்கும்? சாய்ந்தமருதுக்குக் கோச்சி கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும். யுத்த காலத்தில் பல வருடங்கள் அங்கேகூட வரவில்லை. பிள்ளை தடுமாறுவது கணக்கிலா, கணக்குக்குள் இருக்கும் உலகத்திலா என்ற கேள்வி எனக்குள் கிடந்தது. இந்த வகைக் கணக்குகளை இந்தியத் துணைக்கண்டத்தில் எல்லாரையும் விட ரசித்து எழுதியவர் யார் என்று தேடினால் பாஸ்கரரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அவர் பிறந்த ஊர் சஹ்யாத்ரி மலைத்தொடரை ஒட்டியது. ஊரின் பெயர் விஜ்ஜடவிடம். அது இன்றைய கர்நாடகத்தின் பீஜாப்பூர் என்று சிலரும், மகாராஷ்டிரத்தில் சாளீஸ்கானுக்குப் பக்கத்தில் என்று சிலரும் வாதாடுகிறார்கள். குடும்பத்தின் கல்வெட்டு சாளீஸ்கான் பக்கத்தில் கிடைத்திருப்பதால் எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. தந்தை மகேஸ்வரர் சோதிட வானியல் அறிஞர். பாஸ்கரருக்கு ஆசிரியரும் அவரே. தகப்பனிடம் படித்து, மகனுக்குச் சொல்லிக் கொடுத்து, பேரன்வரை தொழில் இறங்கிய வீடு அது. கடலோரத்தில் வலை இறங்குவது போல.

36 வயதில் முடித்த நூல் நான்கு பகுதிகளாக இருக்கிறது. எண்கணிதத்துக்கு 'லீலாவதி', அட்சரகணிதத்துக்கு 'பீஜகணிதம்', மற்ற இரண்டும் கிரகங்களையும் கோளத்தையும் பற்றியவை. அறிஞர்கள் பின்னிரண்டையும் பெரிதாகப் பேசுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு கிரகம் ஒரு நாளில் எவ்வளவு நகர்கிறது என்பதோடு நிற்காமல், இந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன என்று கேட்டவர் அவர். ஐரோப்பாவில் நுண்கணிதம் உருவாக இன்னும் 500 ஆண்டுகள் இருந்தன. ஆனால் ஊர் ஊராகப் பிரதியெடுத்துப் படித்தது லீலாவதியைத்தான்.

லீலாவதி யார்? அவருடைய மகள் என்பது பலருக்கும் தெரிந்த கதை. மகளின் திருமணத்துக்கு ஒரே ஒரு நல்ல முகூர்த்தம்தான் இருக்கிறது என்று தகப்பன் கணித்தாராம். அடியில் துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டாராம். அது அமிழும் நேரம்தான் முகூர்த்தம். பிள்ளை ஆசையில் குனிந்து பார்த்தபோது நகையிலிருந்து ஒரு முத்து விழுந்து துளையை அடைத்துக்கொண்டது, நேரம் கடந்துவிட்டது. அவளுடைய பெயர் நிலைக்கட்டும் என்று தகப்பன் இந்த நூலை எழுதினார். பிறகு சொன்னவர்கள் அவளை விதவையும் ஆக்கிவிட்டார்கள். இந்தக் கதை பாஸ்கரர் எழுதிய எதிலும் இல்லை. அவருக்கு 400 ஆண்டுகளுக்குப் பிறகு, 1587இல், அக்பரின் கட்டளைப்படி லீலாவதியைப் பாரசீகத்துக்குக் கொண்டுபோன கவிஞர் ஃபைஸியின் முன்னுரையில்தான் வருகிறது. ஃபைஸி, அபுல் ஃபஸ்லின் மூத்த சகோதரர். நூலுக்குள் பாஸ்கரர் ஒரு பெண்ணைச் செல்லமாக விளித்து விளித்துக் கேள்வி கேட்கிறார் என்பது மட்டும் உண்மை. அது மகளாகவும் இருக்கலாம், மனைவியாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம்.

அந்தக் கேள்விகளில் ஒன்றை என் சொற்களில் தருகிறேன். 9 முழ உயரத் தூணின் உச்சியில் ஒரு மயில். தூணின் அடியில் பாம்புப் புற்று. பாம்பு 27 முழத்துக்கு அப்பால் இருந்து புற்றை நோக்கி வருகிறது. மயில் அதைக் கண்டு சாய்வாகப் பாய்கிறது. இரண்டுக்கும் ஒரே வேகம். புற்றிலிருந்து எத்தனை முழத்தில் பிடிக்கும்?

கோச்சிக் கணக்கும் இதுவும் ஒரே இனம். தெரியாத தூரத்தை x என்று வையுங்கள். பாம்பு வந்த தூரம் 27இல் x குறைய. மயில் பாய்ந்தது செங்கோண முக்கோணத்தின் செம்பக்கம், அதன் வர்க்கம் 81உடன் x வர்க்கத்தைக் கூட்டினால் வருவது. வேகம் ஒன்று, நேரமும் ஒன்று, ஆகவே தூரமும் ஒன்று. சமன்பாடு எழுதினால் x வர்க்கம் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுவது 54x = 648. விடை 12 முழம். இரண்டுமே 15 முழம் போயிருக்கின்றன. கொப்பியில் இதை வரைந்து காட்டியபோது ராத்தாவின் மகள் பாம்பு தப்பிக்க வழியுண்டா என்று கேட்டாள். பேனையைக் கீழே வைக்கவில்லை.

வேலைக் கணக்கும் இருக்கிறது. ஒரு தொட்டிக்கு நான்கு நீர்வரத்து. முதலாவது தனியாகத் திறந்தால் ஒரு நாளில் நிரப்பும், இரண்டாவது அரை நாளில், மூன்றாவது மூன்றில் ஒரு நாளில், நான்காவது ஆறில் ஒரு நாளில். நான்கையும் ஒன்றாகத் திறந்தால்? பிள்ளைகள் இங்கே நேரத்தைக் கூட்டப் போய் மாட்டிக்கொள்வார்கள். நேரத்தைக் கூட்டக் கூடாது. ஒரு நாளில் ஒவ்வொன்றும் எத்தனை தொட்டி நிரப்பும் என்று பார்க்க வேண்டும்: 1, 2, 3, 6. மொத்தம் 12 தொட்டி. எனவே ஒரு தொட்டிக்கு 12இல் ஒரு நாள், அதாவது 2 மணித்தியாலம். பரீட்சையில் வரும் மனித நாட்கள் கணக்கு முழுவதற்கும் இந்த ஒரு திறப்புப் போதும். 2004 சுனாமிக்குப் பிறகு தற்காலிகக் கொட்டில்களில் பவுசருக்காகக் காத்திருந்த பிள்ளைகளுக்குத் தொட்டி எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்பது பாடப்புத்தகக் கேள்வியாக இருக்கவில்லை. நானும் அப்போது பாடசாலை மாணவன்.

இனி வருவது கசப்பானது. பாஸ்கரரைக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நேர்மாறு விகிதசமனைச் சொல்லிக்கொடுக்க அவர் எடுத்த உதாரணம் ஒரு அடிமைப் பெண்ணின் வயது. 16 வயதுப் பெண்ணின் விலை 32 நிஷ்கம் என்றால் 20 வயதுப் பெண்ணின் விலை என்ன? 16ஐ 32ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 25உம் ஐந்தில் மூன்றும். வயது கூடக் கூட விலை குறையும் என்பதுதான் பாடம். அதே மூச்சில் அடுத்த கேள்வி ஓர் எருதைப் பற்றியது. இரண்டு வருடம் உழைத்த எருது 4 நிஷ்கம், ஆறு வருடம் உழைத்தது எவ்வளவு? ஒன்றும் மூன்றில் ஒன்றும். இரண்டுக்கும் ஒரே சூத்திரம்.

செய்கை வழி சரி. விடையும் சரி. 12ஆம் நூற்றாண்டுத் தக்காணத்தின் சந்தையில் மனிதர் விற்கப்பட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அவர் அதை எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதினார், லீலாவதியைச் செல்லமாக அழைத்த அதே நூலில். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கரையிலிருந்து வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போய்வந்த பெண்களிடம் பேசியிருக்கிறேன். வயது ஏற ஏற ஏஜென்சியில் தங்களுக்கு மதிப்பு இறங்கியதை அவர்கள் சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். சூத்திரத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாது.

வயதுக் கணக்கு என்றவுடன் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவு வருவது வேறு. தந்தையின் வயது மகனின் வயதின் மூன்று மடங்கு, 10 வருடங்களில் இரு மடங்காகும், இப்போது வயது என்ன? மகன் 10, தந்தை 30. இந்தக் கணக்கு ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: 10 வருடங்களின் பின்னும் இரண்டு பேரும் இருப்பார்கள். கிரேக்கக் கணித மேதை தயோபாந்துஸைப் பற்றிய பழைய புதிர் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. அவருடைய ஆயுளின் பகுதிகளைப் பின்னங்களாகச் சொல்லிக்கொண்டே போய், மகன் தகப்பனின் ஆயுளில் பாதியோடு இறந்தான், தகப்பன் அதற்குப் பின் நான்கு வருடம் இருந்தார் என்று முடிகிறது. தகப்பனுக்கு 84, மகனுக்கு 42. 1990இல் இந்தக் கரையோரம் முழுக்க ஆட்கள் காணாமல் போனார்கள், தமிழரும் முஸ்லிம்களும். காரைதீவிலும் கல்முனையிலும் எங்கள் ஊரிலும் பிள்ளை இப்போது இருந்தால் எத்தனை வயது என்று ஒவ்வொரு வருடமும் ஒன்றைக் கூட்டும் உம்மாமாரும் அம்மாமாரும் இருக்கிறார்கள். அவர்கள் பாடசாலையில் படித்தது கொஞ்சம்தான். அந்தக் கூட்டலில் பிழை விட்டு நான் கேட்டதில்லை.

பீஜகணிதத்தில் பாஸ்கரர் இன்னும் ஒரு படி ஏறுகிறார். இன்று x, y என்று எழுதும் இடத்தில் அவர் நிறங்களின் பெயர்களை வைத்தார். முதல் தெரியாக்கணியத்துக்கு 'எவ்வளவோ அவ்வளவு' என்ற பொருளில் ஒரு சொல், அடுத்தவற்றுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. மறை எண்ணுக்கு அவர் மரபு வைத்த பெயர் கடன். ஒருவனிடம் 300 பணமும் 6 குதிரையும். இன்னொருவனிடம் 10 குதிரை, ஆனால் 100 கடன். இருவரும் சம செல்வர் என்றால் குதிரை என்ன விலை? 100. நுண்கடன் கொப்பி வைத்திருக்கும் வீடுகளில் மறை எண்ணை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு குரங்குக் கணக்கு. கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் 3 குறைத்து, அதை வர்க்கித்த தொகை குகைக்குள் போய்விட்டது. ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது. மொத்தம் எத்தனை? இருபடிச் சமன்பாடு இரண்டு விடை தரும்: 50, 5. இரண்டையும் போட்டுப் பாருங்கள், சமன்பாடு பொருந்தும். ஆனால் 5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு 1, அதிலிருந்து 3 போனால் மறை 2. குறைவான இரண்டு குரங்குகள் குகைக்குள் போக முடியாது. ஆகவே பாஸ்கரர் 5ஐ ஏற்கவில்லை, அப்படியொன்றை உலகத்தார் ஒப்பமாட்டார்கள் என்பதே அவர் காட்டிய காரணம். இன்னொரு குரங்குக் கணக்கில் 48, 16 என்று இரண்டு விடை வந்தபோது இரண்டையும் வைத்துக்கொண்டார், இரண்டுமே நடக்கக்கூடியவை என்பதால். சமன்பாட்டைத் தீர்த்தவுடன் எழுந்து போகாமல் வசனத்துக்குத் திரும்பி வந்து பார்க்கிற பழக்கம் இது. எங்கள் வகுப்புகளில் இந்தக் கடைசிப் படிக்குத்தான் நேரம் கொடுப்பதில்லை. அடிமைப் பெண்ணின் கணக்கில் அவரும் அப்படித் திரும்பி வந்து பார்க்கவில்லை.

1183ஐத் தொடக்கமாகக் கொண்ட 'கரணகுதூகலம்' என்ற வானியல் கைநூல் அவருடைய பிற்கால நூல். அப்போது அவருக்கு 69 வயது. மகன் லட்சுமீதரர் யாதவ அரசர் ஜைத்ரபாலரின் அவையில் இருந்தார். பேரன் சாங்கதேவர் அரசர் சிங்கணரின் அவைச் சோதிடர். தாத்தாவின் நூல்களைக் கற்பிக்கவென்றே ஒரு மடம் நிறுவப்பட்டு, 1207இல் சாளீஸ்கானுக்கு அருகே பாட்டணத்தில் கல்வெட்டும் வைக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் மும்பை மருத்துவரும் ஆய்வாளருமான பாவு தாஜி அதைக் கண்டு வெளிப்படுத்தினார். குடும்பத்தைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அந்தக் கல்லிலிருந்துதான்.

லீலாவதி ஃபைஸியிடம் போனது போல, பீஜகணிதம் அதாவுல்லா ரஷீதியிடம் போனது. அவர் அதைப் பாரசீகமாக்கி 1634 அளவில் பேரரசர் ஷாஜஹானுக்குச் சமர்ப்பித்தார். அல்குவாரிஸ்மி பாக்தாதில் அட்சரகணிதத்துக்கு நூல் எழுதி அப்போது 800 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நாட்டு மொழிகளில் அந்தத் துறைக்கு நூல் பஞ்சம் இல்லை. இருந்தும் ரஷீதி பாஸ்கரரை எடுத்தார். பின்னால் எட்வர்ட் ஸ்ட்ரேச்சி 1813இல் ஆங்கிலமாக்கியதும் இந்தப் பாரசீக நூலிலிருந்துதான்.

ரஷீதி தொழிலால் கட்டடக் கலைஞர். தாஜ்மகாலைக் கட்டிய உஸ்தாத் அஹ்மத் லாஹோரியின் மகன். ஔரங்காபாத்தில், ஔரங்கசீப்பின் மனைவி தில்ரஸ் பானுவுக்கு எழுப்பிய பீபி கா மக்பராவை வடிவமைத்தவர் அவரே. சாங்கதேவர் சோதிடராக இருந்த யாதவர்களின் தலைநகர் தேவகிரி அங்கிருந்து சில மைல் தூரம்தான். மக்பராவின் வாசற்கதவில் கட்டடக் கலைஞராக அதாவுல்லாவின் பெயரும், பொறியியலாளராக ஹன்ஸ்பத் ராய் என்பவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.