குத்தூசியும் ஆறு புள்ளிகளும்

ஆண்டுதோறும் ஜனவரி 4-ஆம் நாள் உலக பிரெயில் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பார்வையற்றோரின் விரல் நுனிகளுக்கு எழுத்தைத் தந்த லூயி பிரெயில் பிறந்த நாள் அது. 2019 முதல் ஐ.நா. அவையும் அந்நாளைப் போற்றி வருகிறது. அன்று அனைவரும் அவர் கண்ட ஆறு புள்ளிகளைப் பற்றிப் பேசுவர். எனக்கோ புள்ளிகளுக்கு முன்பாக, தோலைத் துளைக்கும் ஒரு குத்தூசிதான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் என் குடும்பத்திலேயே உண்டு. முதலில் பிரெயிலின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பாரிஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கும் சிற்றூர் கூப்வ்ரே. அங்கு 1809-இல், சிமோன் ரெனே பிரெயில் என்பவரின் நான்கு மக்களில் இளையவராக லூயி பிறந்தார். குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்வது தந்தையின் தொழில். தொழிற்கூடமே குழந்தையின் விளையாட்டிடமும் ஆயிற்று. 1812-இல், மூன்று வயதுக் குழந்தையான லூயி, தந்தை செய்வதைப் போலவே தானும் செய்ய விரும்பித் தோல் துண்டொன்றை எடுத்துவைத்துக் கூரிய கருவியால் துளைக்க முயன்றான். முகத்தை அருகில் வைத்து அழுத்தியபோது கருவி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்தது.

அன்றைய மருத்துவம் எதுவும் அந்தக் கண்ணைக் காக்கவில்லை. துயரம் அதோடு முடியவும் இல்லை. காயமே படாத மறு கண்ணும் சிறிது சிறிதாக ஒளி இழந்தது. ஐந்து வயதில் அவனுக்கு இரு கண்களும் முற்றிலும் இருண்டுவிட்டன. பிரெயிலின் வாழ்க்கையைச் சொல்வோர் பலரும் இந்த இரண்டு ஆண்டுகளை இரண்டு வரிகளில் கடந்துவிடுவர். நான் நின்று யோசிப்பது இந்த இடத்தில்தான். குத்தூசி குத்தியது ஒரு கண்ணை. மற்றொன்று போனது எதனால்?

ஒரு கண் ஆழமாகக் காயமுற்றால், உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தடம் மாறி நலமாக உள்ள மறு கண்ணைத் தாக்குவது உண்டு. அரிதாக நேரும் இந்நோய், காயம் பட்டுச் சில வாரங்களிலோ மாதங்களிலோ, சிலருக்கு ஆண்டுகள் கழித்தோ தலைகாட்டும். பிரெயிலின் மறு கண்ணைப் பறித்தது இதுவாகவே இருக்கலாம் என மருத்துவர்கள் பலர் கருதுகின்றனர். ஸ்காட்லாந்து கண் மருத்துவர் வில்லியம் மெக்கன்சி இந்நோயை விரிவாக விளக்கி எழுதியது 1840-ஆம் ஆண்டையொட்டித்தான். கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கியது 1851-இல். காயத்தில் கிருமி சேராமல் காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867-இல். கண்புரையை அறுத்து வெளியே எடுக்கும் சிகிச்சையை ஜாக் டேவியல் 1747-இலேயே செய்துகாட்டிய நாடுதான் பிரான்ஸ். ஆயினும் அங்குப் பிறந்த இக்குழந்தைக்கு உதவக்கூடிய அறிவு அன்று எங்குமே இல்லை. ஆகவே, அவனுடைய பெற்றோரைக் குறைகூற இடமில்லை.

அதன் பின்னர் அவர்கள் செய்தது பெரிது. மகனை மூலையில் உட்காரவைக்காமல் ஊர்ப்பள்ளிக்கு அனுப்பினர். 1819-இல், பத்து வயதில், பாரிஸில் வாலன்டின் ஹாவி தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில் அவன் சேர்ந்தான். ஈரம் கசிந்த பழைய கட்டடம் அது. சாதாரண எழுத்துகளையே காகிதத்தில் பெரிதாகப் புடைக்கச் செய்த சில நூல்கள் அங்கிருந்தன. அவற்றைத் தடவிப் படிக்க நெடுநேரம் ஆகும். எழுதவோ வழியே இல்லை.

படைத்தலைவராக இருந்த ஷார்ல் பார்பியே, தொட்டுணரும் புள்ளிகளால் ஆன ஒரு முறையை 1821-இல் அப்பள்ளிக்கு அறிமுகப்படுத்தினார். அதில் ஓர் அடையாளத்திற்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டன. அத்தனையும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. எழுத்துக்கூட்டலுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அதில் இடமில்லை. சிறுவன் பிரெயில் அதைச் சுருக்கி ஆறு புள்ளிகளாக்கினான். அந்த ஆறிலிருந்து 63 வடிவங்கள் பிறந்தன. 1824-இல், பதினைந்தாம் வயதில், முறை ஏறத்தாழ உருப்பெற்றுவிட்டது. 1829-இல் நூலாகவும் வெளிவந்தது.

பின்னர் அதே பள்ளியில் அவர் ஆசிரியரானார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். 1840-களில் பள்ளியின் புதிய தலைமை அவருடைய எழுத்துமுறையைச் சில காலம் தடை செய்தபோது, மாணவர்கள் அதை மறைவாகப் பயன்படுத்தினர். நெடுநாள் காசநோயால் வருந்திய பிரெயில் 1852 ஜனவரி 6 அன்று, 43-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய முறையை அப்பள்ளி முறைப்படி ஏற்றது, அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் உருவாகி, தமிழும் அதே ஆறு புள்ளிகளில் இன்று வாசிக்கப்படுகிறது.

கண்ணைப் பறித்த குத்தூசியே எழுத்தைத் தந்தது என்று மேடைகளில் அழகாகச் சொல்வர். காகிதத்தில் புள்ளி எழுப்பும் கருவியும் குத்தூசியை ஒத்ததுதான். ஆயினும் இந்த அழகை என்னால் ரசிக்க முடிவதில்லை. எழுத்தைத் தந்தது பிரெயிலின் அறிவும், அவரைப் படிக்கவைத்த பெற்றோரும், சேர்த்துக்கொண்ட ஒரு பள்ளியும். விபத்து தந்தது இருட்டை மட்டுமே. அதே இருட்டுக்குள் போன எண்ணற்ற குழந்தைகள் பெயர் தெரியாமலே மறைந்துபோனார்கள்.

இப்போது என் குடும்பத்துக் கதை. என் சித்தப்பா மகனுக்கு ஏழு வயது. தென்னை ஈர்க்கில் அம்பு செய்து விளையாடியபோது ஒன்று அவன் கண்ணில் பாய்ந்தது. எய்தவன் நான். அக்கம்பக்கத்தார் கூடித் தாய்ப்பால் விட்டனர். அடுத்த நாள் ஏதோ ஒரு பச்சிலைச் சாறு. கண் சிவந்து வீங்கிய மூன்றாம் நாள்தான் நகரத்து மருத்துவமனைக்குப் போனோம். அந்தக் கண் பிழைக்கவில்லை. மறு கண் தப்பியதே பேறு என்றார் மருத்துவர். அதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பிரெயிலின் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கியது. கூப்வ்ரே பெற்றோருக்கு வழி இல்லை. எங்களுக்கு வழி இருந்தது. மூன்று நாள்களை நாங்களே வீணாக்கினோம்.

கண்ணில் கூரிய பொருள் குத்தினால் தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. பால், எண்ணெய், சாறு, வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்து எதையும் விடக் கூடாது. ஒரு காகிதக் குவளையின் அடிப்பாகத்தைக் கண்மேல் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு, அறுவை சிகிச்சை வசதியுள்ள கண் மருத்துவமனைக்கு அப்போதே செல்ல வேண்டும். சுண்ணாம்போ அமிலமோ தெறித்தால் மட்டும் முறை வேறு: அங்கேயே, உடனே, சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவிய பின்னரே புறப்பட வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் பிதுக்கி விளையாடிக் கண்ணை இழப்பது நம் நாட்டில் நடந்துகொண்டே இருக்கிறது.

காயம் ஆறிய பின்னரும் கவனம் தேவை. மறு கண் சிவந்தாலோ, வெளிச்சத்தில் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, காலம் எவ்வளவு கடந்திருந்தாலும் மருத்துவரைக் காண வேண்டும். பிரெயில் காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று உள்ளன. நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். சிறு குழந்தைகள் ஒரு கண் மங்கினால் சொல்ல மாட்டார்கள். மறு கண்ணால் சமாளித்துக்கொள்வார்கள். ஆகவே பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறையேனும் இரு கண்களையும் தனித்தனியே சோதித்துவிடுவது நல்லது.

அடுத்த ஜனவரி 4 அன்றும் ஆறு புள்ளிகளைக் கொண்டாடுவோம். அன்று நம் வீட்டில் ஊசி, கத்தரி, கவராயம், சுண்ணாம்பு எல்லாம் எந்த உயரத்தில் இருக்கின்றன என்றும் ஒருமுறை பார்த்துவிடுவோம். என் தம்பிக்கு இப்போது ஐம்பது வயது. எஞ்சிய ஒரு கண்ணால்தான் அவன் நாளிதழ் படிக்கிறான், இக்கட்டுரையையும் படிப்பான்.