ஆசானைப் பின்தொடர்ந்த பிரான்சுவா செவேர்

கல்லூரி மலர்களில் வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோர் புலவரையோ தேசத் தலைவரையோ தெரிந்தெடுத்தல் வழக்கம். யான் தெரிந்தது மோட்டார்ப் பந்தயக்காரர் ஒருவரை. இருபத்தொன்பதாம் வயதில் மாண்ட அவ்விளைஞரின் வரலாற்றில் ஆசிரியர் ஒருவரும் மாணவர் ஒருவரும் உளர். என் மனம் அதன்பாற் சென்றதற்குக் காரணம் அதுவே.

பிரான்சுவா செவேர் 1944ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆந் திகதி பாரிசு நகரிற் பிறந்தார். அக்காலை அந்நகர் நாசிப் படையினரின் பிடியில் இருந்தது. தந்தையார் கோல்டன்பேர்க் ஒரு யூதர், நகை வணிகர், எதிர்ப்பியக்கத்தோடு சேர்ந்தவர். ஆதலாற் பிள்ளைகளுக்குத் தாயின் குடும்பப் பெயரே வழங்கப்பட்டது. செவேர் என்ற பெயர் அவ்வாறு வந்ததேயாம்.

இளமையிற் பியானோவை முறையாகப் பயின்றவர் அவர். பேத்தோவனின் இசையில் மிக்க ஈடுபாடுடையவர். எனினும் மனத்தைக் கவர்ந்தது வேகமே. சகோதரியாரை மணந்த பெல்துவாசும் பேர்பெற்ற பந்தயக்காரர். 1966இல் இளம் ஓட்டுநர்க்கென நடந்த வொலான் செல் போட்டியில், பத்திரிக் தெபையே என்பாரை வென்று, செவேர் முதலிடம் பெற்றார். பரிசு ஒரு பந்தயக் கார். இரண்டாண்டின் பின், 1968இல், பிரான்சின் போர்முலா 3 வாகையும் அவர்க்காயிற்று.

இனித்தான் ஆசிரியர் வருகிறார். சுகொத்லாந்தைச் சேர்ந்த ஜாக்கி ஸ்ருவேட், 1969இல் உலக வாகை சூடியவர். அவ்வாண்டு இலண்டனில் நடந்த போர்முலா 2 பந்தயமொன்றில் செவேரை முந்துதற்கு அவர் பெரிதும் இடர்ப்பட்டார். அன்றே தம் அணித் தலைவர் கென் ரிறெலிடம் அவ்விளைஞரைக் கவனித்து வைக்குமாறு கூறினார். 1970இல் அணியில் இடமொன்று வெற்றிடமாக, செவேர் அதனை அடைந்தார்.

ஸ்ருவேட் எதனையும் ஒளிக்கவில்லை. எவ்விடத்தில் வேகத்தைத் தணிப்பது, வளைவுள் எவ்வாறு நுழைவது என்பனவெல்லாம் கற்பித்தார். தம்மை வெல்லக்கூடிய ஒருவனுக்குத் தம் வித்தை முழுவதையும் கொடுத்தல் எளிதன்று. வகுப்பறையில் நமக்கு அச்சோதனை பெரும்பாலும் நேர்வதில்லை.

1971இல் அமெரிக்காவின் வாட்கின்சு கிளென் களத்தில் செவேர் முதன்மையாக வந்தார். அது அவர் பெற்ற ஒரேயொரு கிராண்ட் பிறீ வெற்றி. முன்னிற் சென்ற ஸ்ருவேட்டின் கார்ச் சக்கரங்கள் அன்று இடர்தர, அவர் மாணவருக்கு வழிவிட்டார். அவ்வாண்டு உலக வரிசையில் ஸ்ருவேட் முதலிடமும் செவேர் மூன்றாமிடமும் பெற்றனர்.

1973இல் செவேர் ஆறு முறை இரண்டாமிடம் பெற்றார். அவற்றுள் மூன்று ஸ்ருவேட்டின் பின்னால். செருமனியின் நூர்பேர்க் களத்தில் நிழல்போற் பின்தொடர்ந்து இரண்டு நொடிக்கும் குறைந்த இடைவெளியில் வந்தார். செவேர் எண்ணியிருப்பின் அன்று தம்மை முந்தியிருக்கலாம் என்று ஸ்ருவேட்டே பின்னர் ஒப்புக்கொண்டார். அதுவே ஸ்ருவேட்டின் 27ஆவதும் இறுதியுமான வெற்றி.

இறுதியென்பதை அப்போது அறிந்தோர் மிகச் சிலர். அவ்வாண்டின் கடைசிப் பந்தயம் தமது நூறாவது. அதனோடு ஓய்வு பெறுவதென ஸ்ருவேட் முன்பே முடிவு செய்து ரிறெலிடம் சொல்லியிருந்தார். எஞ்சிய பந்தயங்களை மனைவி எண்ணி எண்ணி அஞ்சலாகாது என்பதற்காக அவருக்குங் கூறவில்லை. செவேருக்கும் சொல்லப்படவில்லை. அடுத்த ஆண்டு அணியின் முதலிடம் தமக்கே வரவிருந்ததை அவர் அறிந்திலர்.

அக்கடைசிப் பந்தயமும் வாட்கின்சு கிளெனிலேயே. 1973 ஒற்றோபர் 6, சனிக்கிழமை. மறுநாட் பந்தயத்துக்கான தகுதிகாண் ஓட்டத்தில், மேட்டின்மேல் ஏறிச் செல்லும் இரட்டை வளைவிற் செவேரின் கார் ஓரக்கல்லிற் பட்டு நிலைகுலைந்தது. வலப்புற இரும்புத் தடுப்பில் மோதி, குறுக்கே பாய்ந்து, இடப்புறத் தடுப்பில் விழுந்தது. உயிர் அவ்விடத்தே பிரிந்தது.

ஸ்ருவேட் மீண்டும் காரில் ஏறி அவ்வளைவை ஓட்டிப் பார்த்தார். மாணவருக்கு அங்கே நேர்ந்தது யாதென அறிய விரும்பினார் போலும். ஆங்குத் தாம் வழங்கியதிலும் தாழ்ந்த கியரைச் செவேர் வழங்கியமையாற் கார் துள்ளியிருக்கலாம் என்பது அவர் கருத்து. எல்லாங் கற்பித்தவர்க்கு, கற்பியாமல் விட்டதொன்று உண்டோ என்ற ஐயம் எத்துணை நாள் உறுத்தியிருக்குமோ!

ரிறெல் தம் அணியைப் பந்தயத்தினின்றும் விலக்கிக்கொண்டார். ஸ்ருவேட்டின் கணக்கு 99 உடன் நின்றது. அவர் பின்னர் ஒரு கிராண்ட் பிறீயிலும் ஓட்டவில்லை. செவேரின் உடல் பிரான்சின் வோதெல்னே என்னும் சிற்றூரில் அடக்கஞ் செய்யப்பட்டது. 1974இல் அணியின் கார்களை ஓட்டிய இருவருள் ஒருவர், 1966இல் அவரிடம் தோற்ற தெபையே.