27 வயதில் எடுத்த முடிவு: தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் ஒரே பரபரப்புதான். படிவம் ஆறா, மெட்ரிகுலேசனா? எந்தத் துறை? எந்தப் பல்கலைக்கழகம்? பெற்றோர் ஒன்று சொல்வார்கள், மாமா ஒன்று சொல்வார், நண்பர்கள் வேறொன்று சொல்வார்கள். இறுதியில் பலர் போகும் வழியே நம் வழியாகவும் ஆகிவிடுகிறது. முடிவை நாம் எடுத்தோமா, முடிவு நம்மை எடுத்துக்கொண்டதா என்பதே பல வேளைகளில் தெரிவதில்லை.

இந்நிலையில், தம் வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நிதானித்து முடிவெடுத்த ஒருவரின் வரலாறு நமக்குப் பயன்படும். அவர்தாம் தவத்திரு தனிநாயகம் அடிகளார். உலகத் தமிழ் மாநாடு என்றதும் அவர் பெயர் நினைவுக்கு வரும். ஆனால், அந்த மாநாட்டுக்குப் பின்னால் இருந்த முடிவுகளை நம்மில் பலர் அறிவதில்லை.

ஆங்கிலம் தெரிந்த தமிழர்

அடிகளார் 1913 ஆகஸ்டு 2-ஆம் நாள், யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் உள்ள கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். சேவியர் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் பயின்றார். அன்றைய ஆங்கிலக் கல்வி முறையில் தாய்மொழிக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. ஆகவே, ஆங்கிலத்தில் சரளமாக எழுதவும் பேசவும் கூடிய இளைஞராக அவர் வளர்ந்தாரே தவிர, சங்க இலக்கியம் அறிந்தவராக வளரவில்லை.

அவர் எடுத்த முதல் பெரிய முடிவு துறவு. கொழும்பில் குருமடத்தில் சேர்ந்தார். பின்னர் ரோம் நகருக்குச் சென்று இறையியல் கற்று உயர்பட்டம் பெற்றார். 1938-இல் கத்தோலிக்கக் குருவானார். இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகளும் அவருக்கு வசப்பட்டன. ஐரோப்பியக் கல்வி, பல மொழிப் புலமை, சமயப் பணி என்று எல்லாம் அமைந்துவிட்டன. சாதாரணமாக ஒருவர் இங்கேயே நிறைவடைந்துவிடுவார்.

வடக்கன்குளத்தில் ஒரு திருப்பம்

அவர் தமிழ்நாட்டின் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் இணைந்தார். 1940-இல் திருநெல்வேலிப் பகுதியில் உள்ள வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப்பள்ளிக்குப் பணியாற்ற வந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 27 வயது. சுற்றிலும் தமிழ் மக்கள். பணியோ தமிழ் மாணவர்களிடையே. உலகின் பல மொழிகளை அறிந்த தமக்குத் தம் தாய்மொழியின் இலக்கியம் தெரியவில்லையே என்ற குறையை அவர் உணர்ந்தது இங்கேதான்.

குறையை உணர்வது எளிது. அதைப் போக்க முனைவதுதான் கடினம். அடிகளார் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்பாரிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். ரோமில் பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு ஒருவர், ஒரு தமிழ்ப் பண்டிதரின் முன் மாணவராக அமர்ந்தார். பதவியும் பட்டமும் அதற்குத் தடையாகவில்லை. மதம் வேறு என்பதும் தடையாகவில்லை.

பள்ளிப் பணியோடு கொஞ்சம் தமிழும் கற்றதாக அவர் நின்றுவிட்டிருக்கலாம். ஆனால் 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். 32 வயதில், தம்மைவிட வயதில் குறைந்தவர்களோடு ஒரே வகுப்பில் மீண்டும் மாணவர்! தொடர்ந்து, பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை என்ற பொருளில் ஆய்வு செய்து எம்.லிட். பட்டமும் பெற்றார். சேவியர் என்ற பெயரோடு தம் குடும்பத்து முன்னோரின் பெயராகிய தனிநாயகம் என்பதையும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெயராலேயே தமிழுலகம் அவரை இன்றும் அறிகிறது.

தன்னிடம் இருப்பது என்ன?

அடிகளாரின் அடுத்த முடிவில்தான் நாம் கற்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. தமிழ் கற்ற பின், தமிழ்நாட்டில் ஏற்கனவே இருந்த பெரும் புலவர்களோடு போட்டியிட அவர் முனையவில்லை. தம்மிடம் இருப்பது எது, பிறரிடம் இல்லாதது எது என்று எண்ணினார் போலும். இலக்கணக் கடல்களான அறிஞர்கள் பலர் இருந்தனர். ஆனால், தமிழின் சிறப்பை உலக அறிஞர்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்பவர்கள் மிகச் சிலரே. அடிகளாரிடமோ ஐரோப்பிய மொழிகள் இருந்தன.

ஆகவே, 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கினார். தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், தமிழறியாத அறிஞரிடம் தமிழைக் கொண்டு செல்ல அதுவே வழி. பல நாடுகளுக்குச் சென்று உரையாற்றினார். ஐரோப்பிய நூலகங்களில் பழைய தமிழ் நூல்களைத் தேடினார். அந்தோம் தெ ப்ரொயன்சா என்ற பாதிரியார் தொகுத்து 1679-இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி வத்திக்கான் நூலகத்தில் இருந்ததை 1954-இல் கண்டார். அந்நூல் 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி மறுபதிப்பாக வெளிவந்தது. ரோமில் அவர் கற்றது தமிழுக்கு இப்படித்தான் பயன்பட்டது. ஒரு காலத்தில் நாம் எடுத்த முடிவு வேறொரு காலத்தில் எதிர்பாராத வகையில் கைகொடுக்கும் என்பதற்கு இது சான்று.

நம் மண்ணுக்கு வந்தார்

1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகப் பணியாற்றிய அடிகளார், 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்க வந்தார். அத்துறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது தொடங்கப்படவிருந்தபோது, அங்கே இடம்பெற வேண்டியது தமிழா, சமஸ்கிருதமா என்ற கேள்வி எழுந்தது. தமிழே வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் தமிழவேள் கோ.சாரங்கபாணி குரல் எழுப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு எளிய மக்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தனர். 1956-இல் துறை தொடங்கியது. ஆக, அடிகளார் வந்து அமர்ந்த நாற்காலி ஒரு சமுதாயமே சேர்ந்து எடுத்த முடிவால் உருவானது.

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் அனைத்துலக மாநாடு நடந்தது. பல நாட்டு அறிஞர்கள் ஒரே இடத்தில் கூடியிருந்த அந்த வாய்ப்பை அடிகளார் நழுவ விடவில்லை. அங்கேயே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் அதன் செயலாளர்கள் ஆயினர். முதல் மாநாடு தமிழ்நாட்டில் நடக்கவில்லை. 1966 ஏப்ரலில் நம் கோலாலம்பூரில் நடந்தது! பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடக்கி வைத்தார். தோட்டப்புறத் தமிழர் வாழும் நாடு என்று மட்டுமே பலர் அறிந்திருந்த மலேசியா, தமிழாராய்ச்சியின் வரலாற்றில் நிலையான இடம் பெற்றது.

முடிவும் விளைவும்

அடிகளாரின் வாழ்வு வெற்றிகளின் பட்டியல் மட்டுமன்று. 1968-இல் சென்னையிலும் 1970-இல் பாரிசிலும் மாநாடுகள் சிறப்பாக நடந்தன. 1974 ஜனவரியில் அவர் பிறந்த மண்ணாகிய யாழ்ப்பாணத்தில் நான்காம் மாநாடு நடந்தது. அதன் இறுதி நாள் நிகழ்ச்சியில் காவல்துறையினர் புகுந்ததைத் தொடர்ந்து உயிர்கள் பலியாயின. மகிழ்ச்சியாக முடிய வேண்டிய மாநாடு துயரத்தில் முடிந்தது.

இதனால் மாநாட்டை அங்கே நடத்த எண்ணியதே தவறு என்று ஆகிவிடுமா? ஆகாது. முடிவெடுப்பது நம் கையில் உள்ளது. விளைவு முழுவதும் நம் கையில் இல்லை. நன்கு எண்ணி எடுத்த முடிவும் சில வேளைகளில் துன்பத்தில் முடியலாம். எண்ணாமல் எடுத்த முடிவும் தற்செயலாக நன்மை தரலாம். ஆகவே, ஒரு முடிவை அதன் விளைவைக் கொண்டு மட்டும் எடை போடுவது அறிவுடைமை ஆகாது.

1969-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்ற அடிகளார், 1980 செப்டம்பர் 1-ஆம் நாள் மறைந்தார். நான்கு மாதங்கள் கழித்து, 1981 ஜனவரியில் ஐந்தாம் மாநாடு மதுரையில் நடந்தது. அவர் இல்லை, அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை.

நமக்கு என்ன?

அடிகளாரின் வாழ்விலிருந்து மூன்று கேள்விகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் இருப்பது என்ன? என்னிடம் இல்லாதது என்ன? இல்லாததைப் பெற மீண்டும் முதல் வகுப்பில் அமர நான் ஆயத்தமா? ஒரு முடிவுக்கு முன் இம்மூன்றையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்பவர், கூட்டத்தின் பின்னால் ஓட மாட்டார்.

நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவர்கள். அங்கே தமிழ்மொழிப் பாடத்தை எஸ்.பி.எம். வரை கொண்டு செல்வதா, விட்டுவிடுவதா என்ற கேள்வி எல்லாருக்கும் வந்தது. சிலர் விட்டனர், அவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. அவர்களைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அடிகளார் 27 வயதில் தேடிச் சென்ற தமிழ், நமக்கு 7 வயதிலேயே வகுப்பறையில் கிடைத்தது. அதை இடையில் விட்டவர்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை என்பதைத்தான் அவர் வாழ்வு சொல்கிறது. பொறியியல், மருத்துவம், கணினி என்று எத்துறையில் இருந்தாலும், அத்துறை அறிவைக் கொண்டு தமிழுக்கு என்ன செய்யலாம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நண்பர்களே, பட்டம் பெற்று வெளியேறும் நாள் நெருங்கும்போது பெரிய முடிவுகள் நம் முன்னே வரிசையாக நிற்கும். அவசரம் வேண்டாம், அச்சமும் வேண்டாம். எண்ணித் துணிவோம். துணிந்தபின் அதற்குரிய உழைப்பைத் தயங்காமல் கொடுப்போம்.