விடியலை அறிவித்த பார்வையற்ற தோழர்

இன்று எடப்பாடியில் ஜும்ஆ பாங்கொலி எழும்போது, கண்ணொளி இழந்த ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே அதனைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அழைத்துச் செல்ல ஆளில்லை. வீட்டிலேயே தொழட்டும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். மதீனாவில் இதே நிலையில் வாழ்ந்தவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள்.

அன்னை கதீஜா (ரலி) அவர்களின் தாய்மாமன் மகனான இவர், மக்காவில் தொடக்க நாள்களிலேயே இஸ்லாத்தைத் தழுவியவர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுடன் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், மார்க்கம் கற்பிக்குமாறு வேண்டி வந்தார். அண்ணலார் முகம் சுளித்தார்கள். அதன்பேரில் திருமறையின் 80-ஆம் அத்தியாயம் அருளப்பெற்றது. நாடி வந்த இப்பார்வையற்றவரே கவனத்துக்கு உரியவர் என இறைவன் உணர்த்தினான். இந்நிகழ்ச்சியைச் சொற்பொழிவுகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதன் பின்னர் இவர் வாழ்வு எவ்வாறு அமைந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு.

நபிகளார் குடிபெயரும் முன்பே, முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களுடன் மதீனாவில் திருக்குர்ஆன் கற்பித்தார். பிலால் (ரலி) அவர்களைப் போலவே பாங்கு சொல்லும் பொறுப்பும் பெற்றார். பிலால் அவர்களின் பாங்கு இரவு இருக்கும்போதே ஒலிக்கும். இவருடைய பாங்கு கேட்ட பின்னரே நோன்பாளிகள் ஸஹர் உணவை நிறுத்துவர். விடியலைக் காண இயலாதவரின் குரலே மதீனாவுக்கு விடியலை அறிவித்தது! வைகறை புலர்ந்ததென அருகிலிருந்தோர் கூறுவர். இவர் பாங்கு சொல்வார். கண் இல்லை என்று எவரும் பணியைப் பறிக்கவில்லை; கண் தேவைப்பட்ட இடத்தில் பிறர் கண் உதவிற்று.

வழிகாட்ட ஆளில்லாமையால் வீட்டிலேயே தொழுதுகொள்ள இவர் ஒருநாள் அனுமதி வேண்டினார். அண்ணலார் இசைந்தார்கள். அவர் திரும்பி நடக்கையில் மீண்டும் அழைத்து, பாங்கொலி காதில் விழுகிறதா என வினவினார்கள். விழுகிறது என்றதும், வந்து சேருமாறு பணித்தார்கள். இயலாதவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு; அதனை அறிஞர்கள் விளக்கியுள்ளனர். ஆயினும் அச்சலுகை அவருடையது. அவரை ஒதுக்கி வைக்க நமக்குத் தரப்பட்ட அனுமதி அன்று.

ஒதுக்கி வைப்பதன் கொடிய முடிவை நம் தமிழகமே கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் விடுதியொன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாமல் கருகினர். மாண்டோர் 28 பேர். மாற்றுத்திறனாளிகள் சமுதாயத்தின் நடுவே வாழும் உரிமை உடையோர் என 2016-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தன் 5-ஆம் பிரிவில் கூறுகிறது. சட்டம் இருக்கட்டும், நம் பள்ளிவாசல்களின் வாயிற்படிகளையும் உளூச் செய்யும் இடங்களையும் ஒருமுறை பாருங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் நுழைய இயலுமா?

மதீனாவிலோ, அண்ணலார் வெளியே புறப்பட்ட வேளைகளில் பலமுறை நகரின் பொறுப்பையே இவரிடம் ஒப்படைத்தார்கள். தொழுகைக்கும் இவரே தலைமை தாங்கினார். இயலாதோர்க்குப் போரிலிருந்து விலக்களிக்கும் திருவசனம் (4:95) இவருடைய முறையீட்டை ஒட்டியே அருளப்பெற்றது. எனினும், கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், காதிஸிய்யாப் போர்க்களத்தில் கவசம் பூண்டு கறுப்புக் கொடி ஏந்தி நின்றார். அங்கேயே வீரமரணம் எய்தினார் என்பர் சிலர். மதீனா திரும்பிய பின்னரே மறைந்தார் என்பர் வேறு சிலர்.