கணக்கில் எழுதாத ஆறு மணி நேரம்

ஆலைக்குப் போகிறவருக்கு வருகைப் பதிவேடு உண்டு. எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பது அதில் ஏறும். இப்போது பல அலுவலகங்களில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள். எந்த வேலைக்கு யார் எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

திருவண்ணாமலையில் ஒருவர் 53 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து வேலை செய்தார். அவருக்குப் பதிவேடும் இல்லை, கூலியும் இல்லை. அவர்தான் ரமண மகரிஷி.

மூன்று ரூபாய்

ரமணர் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திருச்சுழியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். தந்தை சுந்தரமய்யர் வக்கீல். தாயார் அழகம்மாள். தந்தை இறந்த பிறகு, மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார்.

1896-ஆம் ஆண்டு அவருக்கு வயது 16. படிப்பில் மனம் செல்லவில்லை. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த பணம் ஐந்து ரூபாய் கையில் இருந்தது. ரெயில் செலவுக்கு மூன்று ரூபாய் போதும் என்று எண்ணினார். மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்துடன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். கையில் எஞ்சிய காசை அய்யங்குளத்தில் எறிந்தார். அதன் பிறகு அந்த ஊரை விட்டு அவர் போகவே இல்லை.

விடியுமுன் சமையற்கட்டில்

பல ஆண்டுகள் மலைக் குகைகளில் வாழ்ந்தார். 1922-ல் தாயார் மறைந்தார். மலையடிவாரத்தில் அவருடைய சமாதியைச் சுற்றி ஆசிரமம் வளர்ந்தது.

ஊரே வந்து வணங்கும் மகான், சமையற்கட்டில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். இலை தைத்தார், புத்தகங்களுக்கு அட்டை கட்டினார். கீழே சிந்திய அரிசியையும் பொறுக்கி எடுப்பார்.

தமக்கென்று தனியாக எது வந்தாலும் ஏற்க மாட்டார். எல்லோருக்கும் கிடைப்பதே தமக்கும் போதும் என்பார். தம் உழைப்பை அவர் கணக்கு வைக்கவில்லை. ஆனால், பந்தியில் உட்கார்ந்த மற்றவர்களின் பங்கு குறையாமல் பார்த்துக்கொண்டார்.

முள் தடி

ஒரு நாள், வேலூர்க் கல்லூரியில் தெலுங்கு கற்பித்த பண்டிதர் ஒருவர் வந்தார். பலன் கருதாமல் வேலை செய்வது எப்படி என்று கேட்டார். ரமணர் பதில் சொல்லவில்லை.

பிறகு ரமணர் மலைமேல் சென்றார். பண்டிதரும் சிலரும் உடன் போனார்கள். வழியில் முள் நிறைந்த தடி ஒன்று கிடந்தது. ரமணர் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முட்களை வெட்டினார். கணுக்களைச் செதுக்கினார். சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். வேலை முடிய ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று.

முள் தடி அழகிய கைத்தடியாகிவிட்டது. எல்லோரும் வியந்தார்கள். எழுந்து நடந்தபோது எதிரே ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் வந்தான். அவன் தன் கோலைத் தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தான். ரமணர் அந்தத் தடியை அவனிடம் கொடுத்தார், மேலே நடந்தார். தம் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று பண்டிதருக்குப் புரிந்தது.

கூலியும் தொண்டும்

அப்படியானால் வேலை நேரத்தை எழுதவே கூடாதா? எழுதத்தான் வேண்டும். கூலிக்கு உழைப்பவருக்கு அந்தக் கணக்கே பாதுகாப்பு. ரமணர் காலத்திலேயே, 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. கணக்கு இல்லாவிட்டால் வரம்பு மீறியதை யார் அறிவார்?

தம் நேரத்தைத் தாமே மனமுவந்து கொடுப்பது தொண்டு. பிறருடைய நேரத்தைக் கணக்கில்லாமல் வாங்கிக்கொள்வது தொண்டு ஆகாது. ரமணர் விட்டுக்கொடுத்தது தம்முடைய பங்கை மட்டும்தான்.

1949-ல் அவருடைய இடக் கையில் கட்டி வந்தது. பல முறை அறுவை சிகிச்சை நடந்தது. வலியிலும், பார்க்க வந்தவர்களைத் தடுக்கக் கூடாது என்றார். கடைசி நாளிலும் மக்கள் வரிசையாக வந்து தரிசித்தார்கள். 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு 8.47 மணிக்கு அவர் மறைந்தார்.