வெண்பனியைப் படம்பிடித்த உழவர்

காமிராவைக் கையிற் கொண்டாருட் பலர், அழகிய காட்சிகள் யாவும் தொலைதூரத்தேதான் உள்ளன என்றெண்ணி ஏங்குவர். தம் வீட்டு முற்றத்தினின்றும் அகலாது, பருவந்தோறும் ஆங்கு வந்து வீழ்வனவற்றையே நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் படம்பிடித்துப் புகழெய்திய ஓர் உழவரின் சரித்திரத்தை அன்னார்க்கு விடையாக ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

வில்சன் பென்ட்லி என்பார் 1865-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். திருமறையில் நாம் காணும் எரிகோவின் பெயரே அவ்வூர்ப் பெயர். அந்த எரிகோ பேரீச்சமரங்கள் நிறைந்தது. இவ்வூரோ நெடிய குளிர்காலத்தில் வெண்பனியால் மூடப்படுவது. தந்தையார் உழவர். முன்னர்ப் பள்ளியாசிரியையாயிருந்த தாயாரே மைந்தருக்குப் பதினான்கு வயதுவரை வீட்டிற் கல்வி புகட்டினார். அவ்வம்மையார் அளித்த பழைய மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடி, பதினைந்தாம் வயதில் அவர் கைக்கு வந்தது. அதன்வழியே பனித்துகளின் அறுகோண வடிவைக் கண்டு வியந்த சிறுவர், அதனை வரைய முயன்றார். வரைந்து முடிக்குமுன் துகள் உருகிவிடும்.

இது வீண்வேலை என்று கருதிய தந்தையார், ஈற்றில் மனமிசைந்து ஏறக்குறைய நூறு டாலர் செலவிற் காமிராக் கருவியை வாங்கித் தந்தார். பன்முறை தவறிய பின்னர், 1885-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் ஒரு பனிப்படிகத்தின் படம் தகட்டிற் செவ்வனே பதிந்தது. அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. நம்மிற் பலருக்கு இப்பொழுதுள்ள வயதே.

அவர் கையாண்ட முறை எளியது. ஆயினும் மிக்க பொறுமையை வேண்டுவது. கருநிறப் பலகையில் வீழும் துகள்களுள் நல்லதொன்றை மெல்லிய குச்சியால் எடுத்துக் கண்ணாடியில் வைத்து, இறகினால் மெல்ல அழுத்துவார். தீ மூட்டப்படாத கொட்டகையில், தம் மூச்சுப் பட்டாலும் உருகிவிடுமென்று மூச்சையடக்கிப் படமெடுப்பார். வெண்புலத்தில் வெண்பனி தெளிவாய்த் தோன்றாதாகலின், படியெடுத்த தகட்டில் உருவைச் சுற்றியுள்ள பூச்சைச் சிறுகத்தியாற் சுரண்டிப் பின்புலத்தைக் கருமையாக்குவார். இங்ஙனம் படத்தைத் திருத்துதல் தகாதென்று குறைகூறிய அறிஞரும் இருந்தனர் என்பதை நாம் மறைத்தல் முறையன்று.

குளிர்காலம் நீங்கியபின் அவர் வாளா இருந்தாரல்லர். மழைக்காலத்தில் மாவு பரப்பிய தட்டில் துளிகளை விழச்செய்து, அவற்றாலாகும் மாவுருண்டைகளை அளந்து மழைத்துளியின் பருமனைக் கண்டார். அம்முடிவுகள் 1904-இல் வெளிவந்தன. இலையுதிர்காலத்தில் அந்நாட்டு மேப்பிள் மரங்கள் செந்நிறமும் பொன்னிறமும் கொண்டு குன்றுகளை அழகுறுத்தும். அவர் கையாண்ட தகடுகளோ கருமையும் வெண்மையும் அன்றிப் பிற நிறங்களைக் காட்டமாட்டா. அதனால் அவர் சோர்வுறவில்லை. சிலந்திவலையிலும் வெட்டுக்கிளியின் மேலும் தங்கிய பனித்துளிகளையும், சன்னற் கண்ணாடியிற் படர்ந்த உறைபனிக் கோலங்களையும் படம்பிடித்தார்.

அயலார் அவர்தம் முயற்சியைப் பெரிதாக மதிக்கவில்லை. அவரோ பசுக்களைப் பேணிக்கொண்டே, ஐயாயிரத்திற்கு மேற்பட்ட பனிப்படங்களைச் சேர்த்தார். அவற்றுள் ஒன்றையொன்று முற்றும் ஒத்த இரண்டை அவர் கண்டாரல்லர். 1898-இல் வெர்மாண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்க்கின்ஸ் என்பாருடன் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். 1931-இல், அமெரிக்க வானிலைத் துறையைச் சார்ந்த ஹம்ப்ரீஸ் என்பாரின் துணையுடன், 2,400-க்கு மேற்பட்ட படங்கள் கொண்ட அவரது நூல் வெளிவந்தது. சில வாரங்களுக்குள், பனிப்புயலில் நடந்து வீடு திரும்பிய அவர் நிமோனியா நோயுற்று, அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள் காலமானார். அவர் மணம் புரிந்துகொண்டவரல்லர்.

பனியின் களஞ்சியங்களைக் கண்டதுண்டோவென்று யோபு வினவப்பட்டதை நாம் அறிவோம். அவற்றின் வாயிலிற் சிறிது எட்டிப்பார்க்கும் பேறு, தம் வீட்டுக் கொட்டகையில் நின்றே ஓர் உழவருக்குக் கிட்டியது. அவர் எடாதிருப்பின் அப்படிகங்கள் ஒவ்வொன்றும் எவர் கண்ணுக்கும் படாமலே உருகியிருக்கும். நம் முற்றத்தில் இன்று வீழ்ந்து இன்றே மறைவன எத்தனையோ! அவற்றைக் காண்பதற்கு நெடுவழி செல்ல வேண்டுவதில்லை. நின்று நோக்கும் பொறுமையே வேண்டும்.